ஷோகேஸில் இருந்த பிரேக்கர்

இயேசு மரி சூசை துணை

லிங்கராஜபுரம், பெங்களூர்
4 ஜனவரி 2006, புதன்கிழமை

மகா கனம் பொருந்திய எலக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர் இருதயராஜ் மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கை அல்போன்சாவின் ஒரே மகன் எரிக், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு, தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, கேரல் அக்கா, நான் ஆகிய நால்வரும் சுகம். ஹால் மட்டும் சுகமில்லை. அங்கே நியூ ஜெர்சியில் தாங்களும் லீனா மாமியும் சுகமாக இருக்கவும், பனியில் வழுக்கி விழாமல் இருக்கவும், விழுந்தாலும் மெத்தென்று விழவும் மாதாவை மன்றாடுகிறேன்.

போன வருஷம் நீங்கள் "ஈமெயில் கீமெயில் வேண்டாம், மாசம் ஒரு லெட்டர் தமிழ்ல எழுது, இல்லாட்டி தமிழ் மறந்துடும்" என்று சொன்னீர்கள். நான் எழுதவில்லை, மறக்கவும் இல்லை. இப்போது எழுதக் காரணம், வீட்டு ஈமெயிலின் பாஸ்வேர்ட் அப்பாவிடம் இருக்கிறது, தபால்பெட்டிக்குப் பாஸ்வேர்ட் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். புத்தாண்டு அன்று அப்பா உங்களுக்குப் போன் செய்து, "நீங்க அனுப்பின ஆர்க் ஃபால்ட் பிரேக்கர்தான் மச்சான் எங்க வீட்டக் காப்பாத்திச்சு" என்று சொன்னார். நீங்கள் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சியது ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அது ஜலதோஷம் என்றால் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கண்ணீர் என்றால் தயவுசெய்து திரும்ப எடுத்துக்கொள்ளவும். உங்கள் பிரேக்கர் யாரையும் காப்பாற்றவில்லை. தீப்பிடித்த நேரத்தில் அது தீயிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில், அட்டைப்பெட்டிக்குள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், எங்கள் ஷோகேஸின் நடுத்தட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. காப்பாற்றியது நான். இதை நானே சொல்வது அழகில்லைதான், ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

அது ஏன் ஷோகேஸுக்குப் போனது என்று கேட்பீர்கள். அப்பா இருபத்திரண்டு வருஷமாக ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர் என்பது உங்களுக்குத் தெரியும். ரேக்கில் இருக்கும் சாமான்தான் அவருக்குச் சாமான், உபயோகத்துக்குப் போனது தொலைந்தது. எங்கள் ஷோகேஸில் லூர்து மாதா தீர்த்த பாட்டில், வேளாங்கண்ணி சிப்பிக் கப்பல், கேரல் அக்காவின் பேச்சுப்போட்டி ஷீல்டு, யாரோ கொண்டுவந்த ஜெர்மன் சோப்பு, 1998-இல் நீங்கள் கொடுத்த எலக்ட்ரிக் ரேஸர் எல்லாம் இருக்கின்றன. அப்பா இன்னும் பிளேடில்தான் ஷேவ் செய்து தாடையை வெட்டிக்கொள்கிறார். ஆகஸ்டில் உங்கள் நண்பர் கையில் பிரேக்கர் வந்ததும் அப்பா அதிசயமாக அதை மாட்டிவிடத்தான் நினைத்தார், உங்கள் மேல் அவ்வளவு மரியாதை. ஜீவனஹள்ளியிலிருந்து எலக்ட்ரீஷியன் ராஜேந்திரன் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இதுல நூத்தி இருபது வோல்ட்டுன்னு போட்டிருக்கு."

"அமெரிக்கா சாமான்ப்பா. ஒசத்தி."

"ஒசத்தி இல்ல சார், கம்மி. நம்ம லைன் எரநூத்தி முப்பது. இத மாட்டினா மொதல்ல இதுதான் போகும். அப்பறம் நம்ம பாக்ஸ்ல இது ஒக்காரவும் ஒக்காராது."

அப்பா பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அம்மா, "அண்ணன்கிட்ட சொல்லிட்டாப் போச்சு" என்றார். அதற்கு அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "உங்க அண்ணன் அங்க வீடுவீடாப் போய் வயரிங் சரியில்லன்னு எழுதிக் குடுக்கற ஆளு. அவருகிட்டப் போய், மச்சான், பொறந்த ஊரு வோல்டேஜ் ஒங்களுக்கு மறந்துபோச்சுன்னு நான் சொல்லணுமா? பதினெட்டு வருஷமா வெளியூர்ல இருக்கற மனுஷன், மனசு ஒடஞ்சிடும்." அன்று சாயங்காலமே பிரேக்கர் ஷோகேஸ் ஏறிவிட்டது. அதற்காக ரேஸர் கீழ்த்தட்டுக்குப் போனது.

அதன்பின் நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் போனில் "பிரேக்கர் எப்படி மச்சான் இருக்கு?" என்று கேட்பீர்கள். அப்பா "ஜம்முனு இருக்கு மச்சான்" என்பார். "டிரிப் கிரிப் ஆச்சா?" "ஒரு தடவகூட ஆகல." "பத்திரமா இருக்கா?" "பூட்டி வெச்சிருக்கேன்." இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அப்பாவிடமிருந்து நான் கற்றுக்கொள்ள வேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

நீங்களும் விடவில்லை. ஸ்பீக்கரைப் போடச் சொல்லி எங்களுக்கு வகுப்பு எடுத்தீர்கள். வயர் எங்கேயாவது நசுங்கியிருந்தால், அறுந்திருந்தால், ஜாயிண்ட் லூசாக இருந்தால், கரண்ட் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும், அப்படிக் குதிக்கிற பொறிக்குத்தான் ஆர்க் என்று பேர், அந்தச் சின்ன இடத்தில் பயங்கரச் சூடு உண்டாகும், சாதாரண ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கரண்ட் அளவுக்கு மேலே போகவில்லையே, ஃபியூஸ் தூங்கும், வீடு எரியும், இந்த பிரேக்கர் மட்டும்தான் கரண்ட் ஓடுகிற விதத்தைக் கவனித்து, இது நல்ல ஓட்டமா கெட்ட ஓட்டமா என்று கண்டுபிடித்து, உடனே லைனைத் துண்டிக்கும். நல்ல கிளாஸ் மாமா, எங்கள் சயின்ஸ் மிஸ் இவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை. கடைசியில், "ஆர்க் அடிச்சா சில சமயம் காதுல கேக்கும், எண்ணெயில கடுகு வெடிக்கற மாதிரி பொடபொடன்னு சத்தம் வரும், உஷாரா இருங்க" என்றீர்கள். அந்தக் கடைசி வரியை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம். குறைந்தபட்சம் என்னை ரூமுக்குப் போகச் சொல்லிவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

அக்டோபரில் கேரல் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்காக ஹாலுக்குப் பெயிண்ட் அடித்தோம். ஷோகேஸை நடு ஹாலுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். பெயிண்ட் காய்ந்ததும் அப்பா முதல் வேலையாக நீங்கள் அனுப்பிய ஃபோட்டோவை மாட்டினார், மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு, கையில் ஷீல்டுடன், ஒரு ஸ்விட்ச் போர்டின் தோளில் கைபோட்டது மாதிரி நிற்பீர்களே, அந்த ஃபோட்டோ. உங்களுக்கென்று மூன்று அங்குலக் கான்கிரீட் ஆணி வாங்கி, ஷோகேஸ் நிற்கப்போகிற இடத்துக்கு நேர் மேலே, ஒரே ஆளாக அடித்தார். அம்மா "உள்ள வயர் போகுதான்னு பாத்தீங்களா?" என்று கேட்டதற்கு, "இருவத்திரெண்டு வருஷமா எத்தன ரேக் மாட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார். இந்த ஆணியைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளவும்.

இந்த இடத்தில் என் தரப்பில் ஒரு சின்ன விஷயம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று, ஃபாதர் அபராதமாகப் பத்து 'அருள் நிறை மரியே' ஜெபம் கொடுத்தார், அதில் எட்டு முடிந்தது. நீங்கள் சொன்ன கடுகுச் சத்தத்தை நானே வீட்டில் உற்பத்தி செய்து பார்த்தேன். தேவையான பொருட்கள்: பளபளவென்ற பிஸ்கட் உறை ஒன்று, நைலான் நூல் ஏழு முழம், சின்ன ஆணி ஒன்று, கணக்கு ஹோம்வொர்க். ஷோகேஸ் தள்ளி இருந்தபோதே பின்னால் செட்டப்பை முடித்துவிட்டேன். நூலின் நுனி சாப்பாட்டு மேஜை வரைக்கும் வரும். நான் அல்ஜீப்ரா போட்டுக்கொண்டே கால் கட்டைவிரலால் ஒரு இழு இழுத்தால், ஷோகேஸுக்குப் பின்னால் பொடபொடபொட.

மாமா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா ஸ்டீல் டம்ளரைச் சுவரில் வைத்துக் காதைக் கொடுத்து ஹால் முழுக்க நகர்ந்தார். அவர் இடது பக்கம் போனால் சத்தம் நின்றுவிடும், வலது பக்கம் வந்தால் கேட்கும். "இங்கதான்டி, இங்கதான், ஆர்க்கு" என்பார். அம்மா லூர்து தீர்த்தத்தை எடுத்துவந்து ஸ்விட்ச் போர்டில் தெளித்தார். நீங்கள் இன்ஸ்பெக்டர் என்பதால் முந்தின வரியைப் படிக்காமல் தாண்டிவிடவும். இரண்டு தடவை ராஜேந்திரன் அண்ணன் வந்து எல்லா ஸ்விட்சையும் கழற்றிப் பார்த்து, "ஒண்ணுமே இல்லியே சார்" என்று தலையைச் சொறிந்தார். எதிர்வீட்டு கேத்தரின் ஆன்ட்டி, "ஏன் அல்போன்சா, எலியா இருக்கப்போவுது, ஒரு பூனைய விட்டுப் பாரேன்" என்று சொல்லி, அவர்கள் பூனையையே அனுப்பினார். பூனைக்கு விஷயம் புரிந்துவிட்டது, நேராக வந்து என் கட்டைவிரலைக் கடித்தது. என்ன இது என்று கேரல் அக்கா குனிந்து, மேஜைக்கடியில் நூலைப் பார்த்து, மீன் பிடிக்கிற மாதிரி சுருட்டிச் சுருட்டி இழுக்க, பின்னால் ஏதோ பட்டென்று அறுந்து, ஷோகேஸுக்கு அடியிலிருந்து பிஸ்கட் உறை நடு ஹாலுக்கு வந்து சேர்ந்தது. அப்பா அதைப் பறிமுதல் செய்து, தேதி போட்டு, மேஜை டிராயரில் வைத்தார். என்னை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குப் பெயர் வைத்ததிலிருந்தே தப்பு, எரிக் என்று வைத்துவிட்டு எரிச்சல் வராமல் இருக்குமா என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார்.

இதெல்லாம் நவம்பர். டிசம்பர் வந்தது, வாசலில் ஸ்டார் ஏறியது, ஜன்னலில் சீரியல் லைட், மணல் பரப்பிய கிறிஸ்துமஸ் குடிலுக்குள் ஒரு பல்பு, எல்லாம் ஷோகேஸ் பக்கத்து பிளக்கிலிருந்துதான். பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஹாலில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன், உண்மையாகவே ஹோம்வொர்க் செய்துகொண்டு, கால் இரண்டும் நாற்காலி மேலே. பொட. பொடபொட. நான் முதலில் என் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். அது சும்மா இருந்தது. சுவர்தான் பேசியது. ஸ்டாரை அணைத்தேன், லைட்டையும் அணைத்தேன், நின்றது. மறுபடி போட்டேன், ஆரம்பித்தது. லேசாக ஒரு வாடை, ரப்பர் கருகுகிற மாதிரி. நேரே சமையலறைக்கு ஓடினேன்.

"அம்மா, நெஜமா ஆர்க் அடிக்குதும்மா."

அம்மா கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை. "எந்த கம்பெனி பிஸ்கட்டுடா?"

"சத்தியமா. வாட அடிக்குது, வந்து பாரும்மா."

"வாட அடிக்காம? மூணு கிலோ மாவு பொரிக்கறேன்."

அக்காவிடம் சொன்னேன். அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "சிரிக்காம சொல்றான் பாரு, இந்த வருஷம் ரொம்ப இம்ப்ரூவ் ஆயிட்டான்" என்றார். அப்பா வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் பனியனோடு நின்று, "எரிக்கு, இனிமே இந்த வீட்ல ஆர்க்குங்கற வார்த்தையச் சொன்னே, கிறிஸ்துமஸுக்கு ஒனக்குப் புதுச் சட்ட கெடையாது" என்றார். ராஜேந்திரன் அண்ணனுக்குப் போன் போட்டேன், அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார், நாலாம் தேதிதான் வருவார் என்றார்கள். கடைசியாக எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தேன், "பொருள்: ஹால் சுவரில் தீ அபாயம்" என்று தலைப்புப் போட்டு. அப்பா படித்தார். "பெறப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதி குறித்து, டிராயரில் பிஸ்கட் உறைக்கு மேலே வைத்தார். ஸ்டோரில் அப்படித்தானாம். நான் மூன்று நாளும் யாரும் இல்லாத நேரத்தில் ஸ்டாரை அணைப்பேன், யாராவது வந்து போடுவார்கள், நான் அணைப்பேன். அக்கா அதற்கும் ஒரு பேர் வைத்தார், ஏரோது ராஜா, ஸ்டாரைக் கண்டால் ஆகாது என்று.

இருபத்திரண்டாம் தேதி வியாழன், எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம் வீடுவீடாகப் போய்ப் பாடுகிற கேரல்ஸ் ரவுண்ட்ஸ். இந்த வருஷம் கடைசி வீடு எங்களுடையது. கடைசி வீடு என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் உட்கார்ந்து காபி, கேக், கல்கல் எல்லாம் அங்கேதான். பதினோரு வருஷமாகக் கேத்தரின் ஆன்ட்டி வீட்டில்தான் நடந்தது, இப்போதுதான் எங்களுக்கு வந்தது. அப்பா அன்றைக்கு லீவு. வாசலுக்கு இரண்டாவது ஸ்டார் போட்டார். அக்காவின் வருங்கால மாமியார் வேறு வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். காபி ஆறிவிடக்கூடாது என்று அப்பா யாரிடமோ எலக்ட்ரிக் அடுப்பு ஒன்றை இரவல் வாங்கி, அதையும் ஷோகேஸ் பக்கத்து பிளக்கிலேயே சொருகினார்.

ஏழு மணிக்கு நாற்பது பேர் வந்தார்கள், ஃபாதர், கித்தார், தோல் டிரம், கேத்தரின் ஆன்ட்டியின் நாலு வயசுப் பெண் ஸ்னேஹா, எல்லாருக்கும் முன்னால் கிறிஸ்துமஸ் தாத்தா. தாத்தா வேறு யாரும் இல்லை, எங்கள் ஸ்கூல் பி.டி. மாஸ்டர், பஞ்சுத் தாடி, வயிற்றில் தலையணை. முதல் பாட்டு முடிந்தது. அடுப்பின் கம்பி சிவந்தது. இரண்டாவது பாட்டில் டிரம் கொஞ்சம் ஓய்ந்தபோது எனக்குக் கேட்டது. இந்தத் தடவை கடுகு இல்லை மாமா, முழு மிளகாய் தாளிக்கிற சத்தம். ஷோகேஸ் பக்கம் நகர்ந்து பிளக்கை இழுக்கப் பார்த்தேன், அதற்கு முன்னால் அடுப்பு, அடுப்புக்கு மேல் கொதிக்கிற காபி, அதைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள். வாடை இப்போது நன்றாகவே வந்தது, எல்லாரும் அதைக் கேக் கருகிவிட்டது என்று நினைத்து, அம்மாவுக்காக வருத்தப்பட்டு, இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

மெயின் ஸ்விட்ச் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் அங்கே போய் நின்றேன். அப்பா பாடிக்கொண்டே என்னைப் பார்த்துவிட்டார். பாட்டை நிறுத்தாமல், உதட்டை மட்டும் அசைத்து, "வேண்டாம்டா" என்றார். அவர் மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெஞ்சினார் மாமா. சம்பந்தியம்மா உட்கார்ந்திருக்கிறார், ஃபாதர் நிற்கிறார், பதினோரு வருஷம் கழித்து வந்த கடைசி வீடு, நவம்பரில் பிஸ்கட் உறை, நான் எரிக். இழுத்தேன்.

ரெண்டு ஸ்டாரும் போச்சு. ஹாலு, வாசலு, எல்லாம் கும்மிருட்டு. பாட்டு பாதியில நின்னுச்சு. கேத்தரின் ஆன்ட்டி குரல் மட்டும் தெளிவாக் கேட்டுச்சு: "பரவால்ல அல்போன்சா, ஒங்க பையன் இந்த வருஷம் ரெண்டு பாட்டு வரைக்கும் தாக்குப்பிடிச்சான்." அப்பா இருட்டுல பாஞ்சு வந்தாரு, பளார்னு ஒரு அறை. நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன், ஆனா வலிக்கல. "ஐயோ சார், நான் தாத்தா" என்று பி.டி. மாஸ்டரின் குரல் கேட்டது. (அதற்கு ஸ்கூல் திறந்ததிலிருந்து தினமும் மைதானத்தைச் சுற்றி ஓடி நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) அப்பா இரண்டாவது தடவை கையை ஓங்கியிருப்பார். அப்போதுதான் ஸ்னேஹா அவள் அம்மாவிடம் கேட்டாள்: "மம்மி, ஷோகேஸ் பின்னாடி யாரு ஊதுபத்தி ஏத்தி வெச்சிருக்கா?"

எல்லோரும் பார்த்தார்கள். லைட் எரிந்தவரைக்கும் தெரியவே இல்லை. இருட்டானதும் ஷோகேஸின் பின்பலகை ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் உள்ளங்கை அகலத்துக்கு, மெதுவாக மூச்சு விடுகிற மாதிரி. கண்ணாடி வழியாக அந்த வெளிச்சம் நேராக உங்கள் பிரேக்கர் பெட்டி மேலே விழுந்தது. அட்டையில் எழுதியிருந்ததெல்லாம் படிக்க முடிந்தது. நாலைந்து பேர் சேர்ந்து ஷோகேஸை இழுத்ததும் காற்றுப் பட்டுக் குப்பென்று பிடித்தது. அப்பாவும் தாத்தாவும் குடிலைத் தட்டோடு தூக்கி மணலைக் கொட்டினார்கள். அணைந்துவிட்டது. ஒரு மேய்ப்பரும் இரண்டு ஆடுகளும் அந்தப் பணியில் சேதமடைந்தன. திருக்குடும்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹால் ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, எல்லாரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் காபி குடித்தார்கள். சம்பந்தியம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "தம்பி மட்டும் இல்லன்னா" என்று மூன்று தடவை சொன்னார். நான் குனிந்த தலை நிமிராமல் ஆறு துண்டு கேக் சாப்பிட்டேன்.

சுவரில் கருகியிருந்த இடத்துக்கு நேர் மேலே உங்கள் ஃபோட்டோ. பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: ஆணி உள்ளே போகிற வயரைக் கிழித்திருக்கிறது, அக்டோபரில் லோடு இல்லை, ஸ்டாரும் அடுப்பும் சேர்ந்ததும் வேலையைக் காட்டிவிட்டது. எல்லாரும் போனபிறகு அப்பா உங்கள் ஃபோட்டோவை இறக்கி, ஆணியைப் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குடில் இருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன், பாக்கி அறையை வாங்கிக்கொள்ளத்தான் போனேன். அவர் என் கையைப் பிடித்து, "என் ஆணிதான்டா எரிக்கு. நீ மூணு நாளா சொன்னே. எழுதியும் குடுத்தே. நான் கையெழுத்துப் போட்டு உள்ள வெச்சேன்" என்றார். மாமா, அப்பா யாரிடமும் தப்பு என்று ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த நாள் காலையில் வீட்டிலுள்ள எல்லா ஆணிகளையும் பிடுங்கிவிட்டார். கடிகாரம் இப்போது சோபாவில் உட்கார்ந்திருக்கிறது. காலண்டர் தரையில், கண்ணாடி தரையில், தலை வாரவேண்டுமானால் படுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஃபிரிட்ஜ் மேலே, சுவர்ப் பக்கம் திரும்பி இருக்கிறீர்கள், அவமரியாதை இல்லை, உங்கள் முகத்தைப் பார்க்க அப்பாவுக்குக் கூச்சம். தினமும் சாயங்காலம் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், "எரிக்கு, ஏதாவது கேட்டுச்சா?" என்பார். நான் சுவரில் டம்ளரை வைத்துக் கேட்டு, "ஒண்ணுமில்லப்பா" என்றால்தான் காபி குடிப்பார். நான் சொன்னால் நம்புகிறார். எனக்கு இது புதுசாக இருக்கிறது.

ஆகவே மாமா அவர்களிடம் என் விண்ணப்பம் இரண்டு. மே மாசம் கேரல் அக்கா கல்யாணத்துக்கு வரும்போது ஸ்விட்ச் போர்டைத் திறந்து பிரேக்கரைத் தேட வேண்டாம், ஷோகேஸில் அது பத்திரமாக இருக்கிறது, ஒரு மூலை மட்டும் வறுபட்டிருக்கிறது. அது காப்பாற்றியதாகவே அப்பா சொல்லட்டும், நீங்களும் தலையை ஆட்டவும். அவர் அதை உங்கள் மனசு ஒடியக்கூடாது என்றுதான் சொன்னார், ஆணியை மறைக்க அல்ல. இரண்டாவது, எங்கள் வோல்டேஜுக்கு ஏற்ற ஆர்க் பிரேக்கர் எந்த ஊரிலாவது செய்தால் தெரிவிக்கவும். அதுவரைக்கும் அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு எரநூத்தி முப்பது பழகிவிட்டது.

லீனா மாமிக்கு என் அன்பு முத்தங்கள். உங்கள் இருவர் மேலும், உங்கள் வீட்டின் எல்லா ஜாயிண்டுகள் மேலும் ஆண்டவருடைய ஆசீர் தங்குவதாக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
எரிக் ஜெயராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டியபிறகு கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். மத்தியானம் ராஜேந்திரன் அண்ணன் வந்தார். உளியால் சுவரைக் கொத்தித் திறந்தார். உங்கள் ஃபோட்டோ ஆணி அடித்த ஓட்டை, வயர் போகிற பைப்பிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கிறது. அது எதையும் தொடவில்லை. அதற்கு ரொம்பக் கீழே, கருகின இடத்திலேயே, பைப்பைத் துளைத்து வயருக்குள் இறங்கி ஒரு சின்ன ஆணி இருந்தது. அதன் தலையில் பாதி உருகிய நைலான் நூல்.

"இது யாரு சார் அடிச்சது?" என்றார் அண்ணன். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இந்த வீட்ல எல்லா ஆணியும் நான் அடிச்சதுதாம்ப்பா." அண்ணன் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புது வயர் போட்டு முடித்துப் போகும்போது ஆணியை என் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போனார்.

ஆகவே மேலே எங்கெல்லாம் அப்பாவின் ஆணி என்று இருக்கிறதோ அங்கெல்லாம் என் ஆணி என்று திருத்திப் படிக்கவும். இதோ, போய் அப்பாவிடம் சொல்லப்போகிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: சொல்லிவிட்டேன். நூலைக் காட்டினேன், ஆணியைக் காட்டினேன், மேஜையிலிருந்து கட்டைவிரலால் எப்படி இழுத்தேன் என்று செய்தும் காட்டினேன். அப்பா நம்பவில்லை. என் தலையைத் தடவி, "என்னைத் தேத்தறதுக்கு இப்படியெல்லாம் வெளாடறியாடா?" என்றார். சமையலறைக்குப் போய் அம்மாவிடம், "இந்த வயசுல என் பழிய இவன் ஏத்துக்கறான்டி" என்று சொல்வது கேட்டது. அம்மா அழுகிறார். எனக்காக வஞ்சிரம் வறுக்கிறார். சாப்பிட்டுவிட்டு மறுபடி சொல்லிப் பார்க்கிறேன்.

நீங்களாவது நம்புங்கள் மாமா. ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார், நீங்கள் இன்ஸ்பெக்டர். ஆதாரத்துக்கு ஆணியை இதோடு வைத்திருக்கிறேன், டிராயரில் இருந்த அதே பிஸ்கட் உறையில் சுற்றி. பிரிக்கும்போது சத்தம் வரும். பயப்பட வேண்டாம்.